புகைக்குள் இருந்து வந்த பன்றி

மோர்டன் பூங்காவில் வாணவேடிக்கை முடிந்தது. கந்தகப் புகை புல்லோடு படுத்தது. மகள் கைதட்டினாள். எனக்கோ சின்ன வயதில் வன்னியில் இருந்த எங்கள் கச்சான் கடலைத் தோட்டம் மணத்தது.

பெரியப்பாவின் துவக்கு இடியன்; குழல்வாயில் மருந்தை இடித்து நிரப்பிச் சுடுவது. அதற்குக் கருமருந்துதான். அப்பா புகையில்லாத புது மருந்துக்கு மாறியிருந்தார்.

"புகை வராட்டி அது வெடியே?" என்று பெரியப்பா சிரிப்பார்.

ஒருநாள் காலை, கச்சான் கிண்ட வந்த காட்டுப்பன்றியை அவர் சுட்டார். வெள்ளைப் புகை சுவராக எழுந்தது. உயிர் இருக்கும்போதே கழுத்தறுத்தால்தான் இறைச்சி ருசிக்கும் என்பவர், கத்தியோடு ஓடினார்.

"அண்ணை, புகை விலகட்டும்!" என்று அப்பா கத்தினார்.

"விழுந்திட்டுதடா!"

விழவில்லை. புகைக்குள் உறுமலும் அலறலும் கேட்டன. அப்பா துவக்கை நீட்டியபடி நின்றார். எது பன்றி, எது அண்ணன் என்று தெரியாமல் எப்படிச் சுடுவது? புகை விலகியபோது பெரியப்பா தன் குடலை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு கிடந்தார். ஆஸ்பத்திரிவரை உயிர் தாங்கவில்லை.

குழலை அரிப்பதால் கருமருந்தைக் கைவிட்டார்கள் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும். எங்கள் வீட்டில் கருமருந்து இருந்த தகரப் பேணியைப் பெரியம்மா செத்தவீட்டன்றே குளத்தில் கொட்டினார்.

"அம்மா, ஏன் கிளாப் பண்ணேல்லை?" மகள் புகைக்குள் ஓடப் பார்த்தாள்.

அவள் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"புகை விலகட்டும்."