ஊன்றுகோலில் ஒட்டாத பசை

தலை கழற்றிய கோல்ஃப் மட்டையின் தண்டைச் சூடாக்கி, பழைய எபாக்ஸிப் பசையைச் சுரண்டினேன். அதே கருகல் வாசம்.

அக்கா கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, ஆனி மாதம். பனியன் கம்பெனி முதலாளி தூக்கி எறிந்த மட்டையை அப்பா இப்படித்தான் சுரண்டி, கைப்பிடி ஒட்டி, கால் சூம்பிய அக்காவுக்கு ஊன்றுகோலாக்கினார்.

“இனி உன்னைய ஆரும் புடிக்க வேண்டாங் கண்ணு.”

ஒட்டுவதற்கு முன் பனியன் வேஸ்ட் துணியால் தண்டைத் துடைத்திருந்தார். அவர் நிட்டிங் மெஷின் துடைக்கும் எண்ணெய்த் துணி அது, பசை பிடிக்கவில்லை. கல்லூரி வாசலில் எல்லோர் முன்னும் கைப்பிடி கழன்று அக்கா விழுந்தாள்.

“ஊட்லயே இருந்துக்கறனுங்கப்பா” என்றவள் பிறகு படிக்கப் போகவில்லை. சுவரைப் பிடித்தே நடந்தாள்.

இப்போது அதுவும் முடியவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு போக, தண்டைப் புதுத்துணியில் தின்னர் தொட்டுத் துடைக்கிறேன்.

உள்ளிருந்து அக்காவின் குரல் வருகிறது: “அன்னைக்கு அடிச்ச வாசம். எனக்குன்னா வேண்டாங் கண்ணு.”