ஹெல்மெட் கழற்றாத ரயில் ரசிகர்

தருமபுரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மேம்பாலத்தில் நின்றால் வண்டிகள் வருவதும் போவதும் நன்றாகத் தெரியும். மாலையில் நான் அதற்காகவே போகிறவன். அங்கே தினமும் வரும் ஒருவர் மட்டும் ஹெல்மெட்டைக் கழற்றவே மாட்டார். நல்ல உயரம், இஸ்திரி கலையாத சட்டை. ரயில் பார்க்க வந்தவருக்கு எதற்கு ஹெல்மெட்? திருடனோ என்றுகூட நினைத்தேன்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "காத்தாடக் கழட்டிட்டு நிக்கலாமில்லீங்க?"

"கழட்டுனா எங்க வூட்டுக்காரிக்கு அடையாளம் தெரிஞ்சிரும்ங்க. பெங்களூர்ல வேலைக்குப் போறா. யார்கூடப் பேசிக்கிட்டு எறங்கறான்னு இங்கிருந்து பாத்துட்டு, அப்புறம் பைக்கை எடுத்துக்கிட்டு ஸ்டேஷன் வாசலுக்குப் போவேன். வந்து ரொம்ப நேரமாச்சான்னு கேப்பா. இப்பத்தான்னு சொல்லுவேன்."

"யார்கூடவாவது பேசறாங்களா?"

"இதுவரைக்கும் தனியாத்தான் எறங்கறா" என்றார், குறைபட்டுக்கொள்வதுபோல. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரைப் பாக்க வர்றீங்க?"

"சும்மா, ரயிலைத்தாங்க."

அவர் நம்பவில்லை. ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

மறுநாளிலிருந்து பாலத்தின் மறுகோடியில் போய் நிற்கிறார். இப்போதெல்லாம் பெங்களூர் வண்டி வந்து நின்றாலும் அந்த ஹெல்மெட் பிளாட்பாரத்தைப் பார்ப்பதில்லை, என்னைத்தான் பார்க்கிறது.