ஜூனோ கோயிலின் புதைந்த படி

எங்கள் ஊர்க் கொத்தனார் திரேபியஸுக்குத் தற்பெருமை கொஞ்சம் தூக்கல். மரமும் சுடுமண்ணுமாய் இருந்த பழைய ஜூனோ தேவி கோயில் இடி விழுந்து எரிந்துபோனது. அதே இடத்தில் கல்லில் புதிதாகக் கட்டும் வேலை கிடைத்ததும், பக்கத்தில் இருக்கும் என் ரொட்டிக் கடைக்கு வருகிறவர்களையெல்லாம் நிறுத்திவைத்து அளந்துவிட்டார்.

"ஆளுயர மேடைய்யா! முன்பக்கம் மட்டும்தான் படி. நாலு பக்கமும் ஏற நாம என்ன கிரேக்கனுங்களா?"

தூண்கள் எழுந்தன, கூரையும் ஏறியது. பிரதிஷ்டைக்கு முதல் நாள் காலை அவர் மனைவி தெர்துல்லா கதவுக்கு மாலை கட்டப் போனாள். மேலே போனவள் தன் காலையே பார்த்தபடி நின்றாள்.

"ஏங்க, எனக்கு இடது கால்ல வந்து முடியுது."

"வலது கால வெச்சு ஆரம்பி புள்ள, ஒழுங்கா."

"அப்படித்தான் ஏறினேன். நீங்களே ஏறிப் பாருங்க."

அதுவரை பின்பக்கச் சாரத்திலேயே ஏறிப் பழகியவர் முதல்முறையாகப் படியில் ஏறினார். அவருக்கும் இடது கால்தான் தளத்தை முதலில் தொட்டது. படிகளை ஒற்றைப்படையாகத்தான் வைத்திருந்தார். மேல்தளமும் ஒரு படிதான் என்பதை மறந்துவிட்டார். இடது காலில் முடியும் வாசலில் செய்த சடங்கு செல்லாது. ஊருக்குக் கோயில் போச்சு. அவரை நம்பி இனி யாரும் கோழிக்கூண்டுகூடக் கட்டத் தரமாட்டார்கள். மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது.

"மேல ஒரு படி சேத்தா அது இடிச்சுக் கதவு திறக்காது," என்றார்.

"அப்போ கீழ ஒண்ணப் புதைங்க," என்றாள் தெர்துல்லா.

ஊரே கூடை தூக்கியது. நானும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். முற்றமெங்கும் சரளை கொட்டி, இடித்து, மேலே கல் பாவி, இருட்டுவதற்குள் கீழ்ப்படியை மூடிவிட்டோம். எதிரே இருந்த பலிபீடத்தின் அடியும் சேர்ந்து புதைந்தது.

மறுநாள் நகரத் தலைவர் ஓப்பியஸ் பீடத்தில் சாம்பிராணி போட்டார். மனிதர் குள்ளம்.

"நம்ம உயரத்துக்குன்னே செஞ்சிருக்கான்யா!" என்று பூரித்துப்போனார்.

குழல் ஒலிக்கத் தொடங்கியது. ஓப்பியஸ் படியேற, ஊரே அவர் காலைப் பார்த்தது. தளத்தில் வலது கால் விழுந்தது. அவர் முறைப்படி கதவுநிலையைப் பிடித்து மந்திரத்தைப் பிசகாமல் சொல்லி முடித்தார். சாரத்திலிருந்து விழுந்து விலா முறிந்தபோதுகூட அழாத திரேபியஸ், பெண்டாட்டி தோளில் சாய்ந்து விம்மினார்.

"அழாதீங்க, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். இது நீ கட்டின கோயில் புள்ள."