படுத்துப் பார்த்த டிவி

ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் அவளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்கள்கூட. ஆவி கக்கும் உருளைக்குள் ஈர விரிப்பைக் கொடுத்து, மறுபக்கம் வாங்கி, மடித்து அடுக்கி, அடுத்ததை எடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது இடுப்பு தனியாக, கால் தனியாகக் கழன்று வருவதுபோல இருக்கும். வீட்டுக்குப் போனால் அங்கேயும் ஒரு படுக்கை, அங்கேயும் மாற்ற வேண்டிய விரிப்பு.

புருஷன் கிரேன் ஓட்டியவர். எட்டு மாதத்துக்கு முன் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் மிஞ்சியது இரண்டே வார்த்தைகள்: "சரி", "வேணாம்". அவையும் அவர் சொல்பேச்சைக் கேட்பதில்லை. தண்ணீர் வேண்டுமா என்றால் "வேணாம்" என்பார். தம்ளரை எடுத்துக்கொண்டு நகர்ந்தால் இடது கை அவள் முந்தானையைப் பிடிக்கும். எது நிஜ வேணாம், எது பொய் வேணாம் என்று முகத்தைப் பார்த்துப் பார்த்தே அவளுக்குக் கண் பூத்துவிட்டது.

இந்த நேரம் பார்த்துப் பழைய டிவியும் உயிரை விட்டது. கொழுந்தன் கைபேசியில் ஒரு படத்தோடு வந்து நின்றார்.

"அண்ணி, இது என் செலவு. நீங்க ஒண்ணும் பேசக் கூடாது. கியூஎல்இடி. அம்பத்தஞ்சு இஞ்ச். வெயில் நேரா அடிச்சாலும் படம் பளிச்சுனு இருக்கும்."

அவளுக்கு மறுக்கவும் தெம்பில்லை, ஆசைப்படவும் தெம்பில்லை. தலையை ஆட்டினாள்.

வருகிறவர்கள் உட்காரும் நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் டிவியை மாட்டினார்கள். வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். கொழுந்தன் அண்ணன் காதருகே குனிந்து, "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டார். அவர் "சரி" என்றார். எல்லோருக்கும் சந்தோஷம்.

மறுநாளிலிருந்து டிவியைப் போட்டால் அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமில்லை, இமை துடிப்பது தெரிந்தது. செய்தி கேட்காமல் ஒரு வாய் காப்பி குடிக்காத மனிதர். கை கால் பயிற்சி கொடுக்க வரும் அம்மா பார்த்துவிட்டு, "மனசு விட்டுப்போச்சுன்னா இப்படித்தான் ஒவ்வொண்ணா வேணாம்னு ஒதுக்குவாங்க. பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெரியக்காவுக்குப் பயமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. நான் மட்டும் எதற்கு விட்டுப்போகாத மனசோடு இருக்கிறேன் என்று.

எட்டாம் நாள் மத்தியானம் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தவளால் நிமிர முடியவில்லை. அப்படியே கட்டில் ஓரத்தில், அவர் பக்கத்தில், சரிந்து படுத்தாள். வலி அடங்கட்டும் என்று கண்ணைத் திறந்து கிடந்தபோதுதான் டிவியைப் பார்த்தாள்.

செய்தி வாசிக்கிற பெண்ணின் முகத்தில் சாம்பல் பூசியிருந்தது. சிவப்புச் சேலை வெளுத்த ரோஜா நிறம். நேராக உட்கார்ந்தால் பளபளத்த படம், பக்கவாட்டில் படுத்தால் பத்துத் தடவை துவைத்த துணி. வெளுத்துப்போன விரிப்புகளைத் தினமும் பார்க்கிறவள் அவள். இதை அடையாளம் காண யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"ஏங்க, உங்களுக்கு இவ்வளவு நாளா இப்படியா தெரிஞ்சுது?"

"சரி" என்றார். இந்தச் சரி நிஜம். கண்ணோரம் நனைந்திருந்தது.

பத்து நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று கடைச்சீட்டில் இருந்தது. மறுநாளே அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். டிவிப் பகுதியில் நின்றிருந்த விற்பனைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். நின்று நின்று ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தார்.

"என்னம்மா கோளாறு?"

"டிவியில கோளாறு இல்லண்ணே. எங்க வீட்டுக்காரர் படுத்துக்கிட்டுப் பாக்கறவரு. கட்டில் பக்கவாட்டுல இருக்கு."

"டிவிய கொஞ்சம் திருப்பி வெக்கலாமே?"

"ஒரு பக்கம் பீரோ, ஒரு பக்கம் கதவு. எங்க திருப்ப?"

சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். பிறகு, வெட்கப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே, கைப்பையைத் தலைக்கு வைத்து ஒருக்களித்துப் படுத்துவிட்டாள். எட்டு மாதத்தில் பகல் வேளையில் அவள் இப்படி நீட்டிப் படுத்தது இது இரண்டாவது தடவை. விற்பனைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, "சரி, நானும் பாத்துடறேன்" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினார். "வருஷக்கணக்கா விக்கிறேன், இந்த உசரத்துல இருந்து பாத்ததே இல்ல."

ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். முதல் இரண்டும் சாம்பல் பூசின. மூன்றாவது ஓஎல்இடி. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அப்படியே நின்றது. கறுப்பு மை மாதிரி. அவளுக்கே எழுந்திருக்க மனசில்லை.

"ஐயா என்ன பாப்பாரு?"

"நியூஸ்தான். விடிஞ்சதுலேர்ந்து ஒரே சேனல்."

விற்பனைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "அப்ப இது வேண்டாம்மா. கீழ ஓடுற பட்டி, மூலையில சேனல் பேரு, இதெல்லாம் நாள் முழுக்க ஒரே இடத்துல நின்னா, போகப்போகத் திரையில தழும்பு விழுந்துடும்." எட்டி இன்னொன்றைத் தட்டினார். "இது சாதா எல்இடி. நாப்பத்திமூணு இஞ்ச்தான். ஆனா உள்ள இருக்கற பேனல் வேற ரகம், ஐபிஎஸ்னு சொல்லுவாங்க. பக்கவாட்டுல அவ்வளவா வெளுக்காது. ஒரே குறை, விளக்க அணைச்சுட்டுப் பாத்தா கறுப்பு கொஞ்சம் மங்கலா இருக்கும்."

"எங்க வீட்ல விளக்கு அணையறதே இல்லண்ணே."

சிவப்பு சிவப்பாகவே இருந்தது. அதையே அனுப்பச் சொன்னாள். எழுந்திருக்க விற்பனைக்காரர் கை கொடுத்தார். அவரை எழுப்ப இவள் கை கொடுக்க வேண்டியிருந்தது.

கொழுந்தனுக்குத்தான் முகம் தொங்கிப்போனது. "பெருசைக் குடுத்துட்டுச் சின்னத வாங்குவாங்களா யாராவது? கேட்டா சிரிப்பாங்க அண்ணி."

"சிரிக்கறவங்கள வந்து உங்க அண்ணன் பக்கத்துல ஒரு நிமிஷம் படுக்கச் சொல்லுங்க" என்றாள்.

சின்ன டிவி வந்த அன்று புருஷன் கண்ணை மூடவில்லை. ஒரு வாரத்தில் ரிமோட்டை இடது கையில் பிடிக்கப் பழகிவிட்டார். அதோடு வந்தது வினை. சலவைக் கூடத்தின் இரைச்சலிலிருந்து அவள் தப்பி வந்தால், வீட்டு டிவியில் நாலு பேர் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டார்கள். ஒருநாள் சாயங்காலம் பொறுக்க முடியாமல் சத்தத்தைக் குறைத்தாள். அவர் கூட்டினார். இவள் குறைத்தாள். அவர் கூட்டிவிட்டு, ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் செருகி, அதன்மேல் தலையை அழுத்திக்கொண்டு முறைத்தார்.

எட்டு மாதத்தில் அவர்கள் போட்ட முதல் சண்டை அது.

"நல்லா இருக்கு நியாயம்" என்று முணுமுணுத்தபடி, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, நாற்காலியிலேயே காலை நீட்டிக் கண்ணை மூடினாள்.