விலை இறங்கட்டும்

அப்பா தைரியராஜ் அரியமங்கலத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் ஃபோர்மேன். கைலாசபுரத்துப் பெரிய ஆலைக்கு உதிரி பாகங்கள் செய்து அனுப்பும் பட்டறை. இரும்புத் தகடு வாங்குவதும் அவர் பொறுப்பு. ஆர்டர் குறையும் காலத்தில் தகடு விலை இறங்கும். மற்ற பட்டறைக்காரர்கள் பயந்து கையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அப்பா வாங்கிப் போடச் சொல்வார். அவர் கணக்கு பிசகியதில்லை.

அதே கணக்கை வீட்டுக்கும் போட்டார்.

எங்களுக்குப் பாலக்கரையில் வாடகை வீடு. அப்பா சொந்த வீடு தேடியதற்கு ஒரே காரணம்தான். அவருடைய அப்பா இறந்தபோது, உடலை உள்ளே கொண்டுவர அன்றைய வீட்டுக்காரர் விடவில்லை. தெருவில் பந்தல் போட்டுக் கிடத்தினார்கள்.

"என்னைய என் வீட்டுலேர்ந்துதான் மாதா கோயிலுக்குத் தூக்கிட்டுப் போவணும்" என்பார்.

நான் கட்டடப் பொறியாளர். வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் என்னையும் கூட்டிப் போவார். ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்குமாடியில், ராஜகோபுரம் தெரிகிற வீட்டுக்குத் தனி விலை என்றார் தரகர்.

"கோபுரம் தெரியாத பக்கமா ஒண்ணு காட்டுங்க. நாங்க வேதக்காரங்க. அந்தக் காசாவது மிஞ்சட்டும்" என்றார் அப்பா.

"அந்தப் பக்கம் காவேரி தெரியும் சார். அதுக்கும் விலை இருக்கு."

பிறகு ஆர்டர் குறைந்தது. பட்டறைகள் ஒரே ஷிப்டுக்குச் சுருங்கின. அப்பாவின் சம்பளம் பாதியானது. அப்போதும் அவர் முகத்தில் கலக்கம் இல்லை.

"கையில காசில்லாதப்போ எவன் வீடு வாங்குவான்? பொறு. விலை இறங்கட்டும்."

"நிலம் என்ன தகடாப்பா? வெச்சிருந்தா துருப்பிடிக்குமா? விக்கிறவனுக்கு என்ன அவசரம்?"

"எல்லாம் இறங்கும்மா."

இறங்கவில்லை. பட்டறை முதலாளியே இயந்திரங்களை விற்றுப் பஞ்சப்பூர் பக்கம் மனை வாங்கிப் போட்டார். ஓடாத தொழில்களில் கிடந்த பணம் ஊரைச் சுற்றியிருந்த மண்ணில் போய் விழுந்தது. வேலை குறையக் குறைய மனை விலை ஏறியது. அப்பாவுக்கு இது கடைசிவரை புரியவில்லை. எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன? அவர் வயதைப் பார்த்து வங்கி கைவிரித்தது. என் சம்பளத்துக்குக் கிடைக்கும் கடனில் ஓர் அறைகூட வாங்க முடியாது.

போன மாதம் நெஞ்சுவலி. மருத்துவமனையிலேயே இறந்துவிட்டார்.

வீட்டுக்காரர் அன்புச்செல்வன் அங்கேயே வந்துவிட்டார். நல்ல மனிதர். வாடகை தாமதமானாலும் முகம் சுளிக்காதவர். அம்மாவின் முன்னால் கைகட்டி நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. வீட்ட விக்கப் பேசிக்கிட்டிருக்கேன், உங்களுக்கே தெரியும். பாடிய உள்ள வெச்சா சாவு விழுந்த வீடும்பாங்க. விலைய இறக்கிக் கேப்பாங்க."

அழுதுகொண்டிருந்த அம்மா முகத்தைத் துடைத்தாள்.

"எவ்வளவு இறங்கும் தம்பி?"

அவர் என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்க. அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்றாள் அம்மா.

அன்புச்செல்வன் கைபேசியை எடுத்தார். "வண்டிக்கு நான் சொல்லிடறேங்க்கா" என்று வெளியே போனார்.

பிணவறையிலிருந்து அப்பாவை நேரே கோயிலுக்குக் கொண்டுபோனோம்.

ஏழாம் நாள் பூசை முடிந்து திரும்பியபோது வாசலில் ஓர் இளம் தம்பதி நின்றிருந்தார்கள். வீடு பார்க்க வந்தவர்கள். அம்மா கதவைத் திறந்துவிட்டாள். அந்தப் பெண் சுவரைத் தட்டிப் பார்த்தாள். அப்பாவின் செருப்பு கிடந்த இடத்தைத் தாண்டி உள்ளே போனார்கள்.

கணவன் மட்டும் திரும்பி வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டான்.

"ரொம்ப சொல்றாங்க. கொஞ்சம் பொறுத்தா இறங்குமாங்க?"

வீட்டின் வயது தெரியும். கூரையில் எங்கே கசியும் என்று தெரியும். அந்தத் தெருவில் விலை போகும் போக்கும் தெரியும்.

தெரியலைங்க என்றேன்.