பீர் ஈஸ்ட்டில் பொங்கிய அப்பம்

வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் பெண் வீட்டார் ஜாதகத்தோடு நிறுத்த மாட்டார்கள். அதே ஊரில் வேலை பார்க்கும் சொந்தக்காரரை ரூமுக்கே அனுப்பி நோட்டம் விடுவார்கள். எனக்கு வாய்த்தவர் பெண்ணின் தாய்மாமா. குவைத்தில், மங்காஃப் பகுதியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. பையன் குடிக்கிறவனா என்று பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. அவர் தலையாட்டினால்தான் கல்யாணம்.

நான் குடிப்பதில்லை. ஆனால் என் வாய் சும்மா இருப்பதில்லை. பெண்ணிடம் போனில் பேசிய முதல் நாளே, வெள்ளிக்கிழமை தவறாமல் அப்பம் சுடுவேன் என்று அளந்துவிட்டேன். அவள் அதை மாமாவிடம் சொல்ல, அவர் அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாட்டுக்கே வருவதாகச் சொல்லி அனுப்பினார். எனக்கு அதுவரை வெந்நீர் வைக்கத்தான் தெரியும்.

அப்ப மாவுக்கு ஊரில் கள் ஊற்றுவார்கள். மதுவுக்கே தடை போட்ட குவைத்தில் கள்ளுக்கு எங்கே போக? பேக்கரி ஈஸ்ட்டைப் போட்டு ஒத்திகை பார்த்தேன். எங்கள் ரூமில் எல்லோரும் ஏசி மெக்கானிக்குகள். பகலெல்லாம் மொட்டைமாடி வெயிலில் வேகிறவர்கள், டூட்டி முடிந்து வந்தால் ரூமை ஐஸ்பெட்டி ஆக்காமல் படுக்க மாட்டோம். அந்தக் குளிரில் மாவு அசையவே இல்லை. பால்கனியில் வைத்தேன். அந்தச் சூட்டில் பொங்கி வழிந்து, புளித்து, கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார்.

பெங்களூரில் பீர் காய்ச்சும் இடத்தில் வேலை பார்க்கும் பள்ளித் தோழனிடம் புலம்பினேன். அவன் போனிலேயே வகுப்பு எடுத்தான். சில ஈஸ்ட்டுகள் சூட்டில் துள்ளுமாம். லாகர் பீருக்கான ஈஸ்ட் குளிரில்தான் வேலை செய்யுமாம், மெதுவாக, ஆனால் விடாமல். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ரூமுக்கென்றே பிறந்த ஈஸ்ட்! அதிலும் ரகங்கள் உண்டு, வாசனை அடக்கமாக வேண்டுமா தூக்கலாக வேண்டுமா என்று கேட்டான். அப்பம் என்றால் மணக்க வேண்டாமா? தூக்கலாகவே அனுப்பு என்றேன். லீவு முடிந்து வந்த ரூம்காரர் பாக்கெட்டைக் கொண்டுவந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில், முந்தின ராத்திரி ஏசி குளிரில் கரைத்து வைத்த மாவுப் பானையின் மூடியைத் திறந்தேன். பானை நிறைய நுரை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடியே விட்டேன். ஆடி முடித்து மூச்சு வாங்கும்போதுதான் உறைத்தது. ரூம் முழுக்க பீர் வாசனை. ஊதுபத்தி கொளுத்தினேன். ஊதுபத்தி கொளுத்திய பார் போல ஆனது. பெல் அடித்தது.

மாமா உள்ளே வந்து மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். பிரிட்ஜைத் திறந்தார், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார், பிறகு நேராக மாவுப் பானையிடம் போனார். என் கல்யாணம் அந்தப் பானைக்குள் முங்கிக்கொண்டிருந்தது.

"இதுல என்னத்தப் போட்டீரு தம்பி?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. பாக்கெட்டை நீட்டினேன். அதன் மேல் நுரை தளும்பும் பீர் கிளாஸ் படம். அவர் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி வெகுநேரம் வாசித்தார். குளிரில் வேலை செய்யுமா என்று கேட்டார். செய்யும் அண்ணாச்சி என்றேன். அப்பத்தைச் சுடச் சொன்னார்.

ஓரம் முறுகி, நடு பஞ்சாக வந்தது. தேங்காய்ப்பால் ஊற்றி, கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றார். கை கழுவிவிட்டு என் எதிரிலேயே ஊருக்குப் போன் போட்டார்.

"பயலுக்குக் குடிப் பழக்கம் கெடையாதுக்கா. இருந்துச்சுன்னா இம்புட்டு நல்ல ஈஸ்ட்ட மாவுல போட்டு வீணாக்குவானா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வாசலில் செருப்பை மாட்டும்போது மாமா குரலைத் தாழ்த்தி, மிச்சம் இருக்கிறதா மாப்ள என்றார். தன் ரூமில் அப்பம் சுடவாம். பாக்கெட்டை அப்படியே கொடுத்தேன்.

கல்யாணமாகி என் மனைவியும் இங்கே வந்துவிட்டாள். மாமா ரூமுக்கு அடிக்கடி போய் வருகிறோம். ஏசி எப்போதும் குளிராக ஓடுகிறது, அன்று என் ரூமில் வந்த அதே வாசனையும் வருகிறது. அப்பம் மட்டும் அவர் இன்னும் ஒரு நாளும் சுட்டதில்லை.