கால் கிண்ணத் தேநீரும் என் எட்டு முழ வேட்டியும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு என் மகள் நந்தினி போனை எடுக்கவில்லை. எட்டே முக்காலுக்கும் எடுக்கவில்லை. மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது.

அன்பர்களே, "பெண் தூங்கியிருப்பாள், இதற்கு நம் பஜனை கோஷ்டி மலரில் ஒரு சாட்சிக் கட்டுரையா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கிர்கிஸ்தானில் உள்ள பிஷ்கெக் நகரத்துக்கு அவள் மருத்துவம் படிக்கப் போன நாளிலிருந்து ஒரு ஞாயிறும் தவறியதில்லை. நமக்கு எட்டரை என்றால் அங்கே ஒன்பது. திரையில் முதலில் ஒரு மூக்கு தெரியும், பிறகு சிரிப்பு, கடைசியில்தான் முழு நந்தினி. அவள் படிப்பை முடித்து ஊருக்கே திரும்பிவிட்டாள். இருந்தும் ஞாயிறு எட்டரை ஆனால் இன்றும் என் கை போனைத் தேடுகிறது.

அது மார்கழி மாதம். அவளுடைய முதல் குளிர்காலம். என் மனைவி ஜெயா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"ஏன்னா, அவகிட்ட நீங்க என்ன சொல்லி வெச்சேள்?"

"ஒண்ணும் சொல்லலையே."

"நீங்க ஒண்ணும் சொல்லலைன்னு கேட்டா நம்ம ஸ்ரீவராகம் தெரு முழுக்கச் சிரிக்கும். நெஜத்தைச் சொல்லுங்கோ."

நிஜம் என்னவென்றால், நான் நிறையச் சொல்லியிருந்தேன். அரசு அலுவலகத்தில் சுற்றறிக்கை எழுதுவது என் வேலை. வீட்டிலும் அதே வேலைதான். வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டியவை என்று, அந்த நாட்டை வரைபடத்தில் மட்டுமே பார்த்திருந்த நான், நந்தினிக்குப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினேன். மத்திய ஆசியா பற்றிய கனமான புத்தகங்கள் ஏழெட்டைப் படித்திருந்தேன். பட்டுப்பாதை எங்கே திரும்புகிறது என்று கேட்டால் சொல்வேன். அந்த ஊரில் தேநீர் எப்படி ஊற்றுவார்கள் என்று ஒரு புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

முதல் மூன்று மாதம் அவள் விடுதியில் இருந்தாள். பொது அடுக்களை. பக்கத்து அடுப்பில் குதிரைக் கறி. நந்தினிக்கு ஆட்சேபம் இல்லை, ஜெயாவுக்கு இருந்தது. அதனால் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் இருந்த தனி அறைக்கு மாறினாள். வீட்டுக்காரி குல்நாரா, அறுபது வயது விதவை. மூத்த பெண்களை அங்கே எஜே என்று கூப்பிடுகிறார்கள், நாம் அக்கா என்பது போல. வந்த மறுநாளே அந்த எஜே நந்தினியை இழுத்துக்கொண்டு போய் புது முகவரியை அரசாங்கத்தில் பதிவு செய்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க விட்டார். பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வீடு மாறினால் உடனே பதிவு. அந்தக் காகிதம் எத்தனை பெரிய துணை என்று பின்னால் தெரிந்தது.

அறையில் நிலக்கரி அடுப்பு. ஜன்னலுக்கு மேலே அதற்குள்ளேயே ஒரு குட்டி ஜன்னல். எத்தனை பனி கொட்டினாலும் எஜே அதைக் கொஞ்சம் திறந்தே வைப்பார். நந்தினி கேமராவில் காட்டியபோது ஜெயா பதறினாள். "ஜலதோஷம் பிடிச்சு நிமோனியாவாயிடும்டி!" நான் சுற்றறிக்கை வெளியிட்டேன். மாவடு ஜாடி உடையாமல் இருக்க என்னுடைய எட்டு முழ வேட்டி ஒன்றைச் சுற்றி அனுப்பியிருந்தோம். அந்த வேட்டியைச் சுருட்டிக் குட்டி ஜன்னலில் அடை. கதவிடுக்கிலும் துணி வை, என்று எழுதினேன். எஜே வந்து திறப்பார், இவள் அடைப்பாள். இருவருக்கும் மெல்ல முகம் கோணியது.

இரண்டாவது சுற்றறிக்கை தேநீர் பற்றியது. "அப்பா, எஜே கிண்ணத்துல கால்வாசிதான் ஊத்தறா. குடிச்சா மறுபடியும் கால்வாசி. பிசுக்கோ, கஞ்சத்தனமோன்னு தோணறது" என்றாள் நந்தினி. என் சோழநாட்டு ரத்தம் கொதித்தது. எங்கள் முன்னோர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மலையாளம் பேசும் இந்த ஊருக்கு வந்து தலைமுறைகள் ஆயின. ஆனால் விருந்தாளிக்கு அரை டம்ளர் காப்பி கொடுத்த பாவத்தை மட்டும் செய்ததில்லை.

"நீ அவாளைக் கூப்பிட்டு விளிம்பு வரைக்கும் ஊத்திக் குடு. நாம யாருன்னு தெரியட்டும்."

"அப்பா, ஒண்ணு சும்மா இரேன். இங்க வேற வழக்கமா இருக்கும், கேட்டோ?"

"நல்ல மனசுக்கு எல்லா ஊரிலும் ஒரே வழக்கம்தாண்டி."

சனிக்கிழமை சாயங்காலம் அவளிடமிருந்து செய்தி வந்தது. 'விளிம்பு வரை ஊத்தியாச்சு. எஜே ஒண்ணும் பேசாம குடிச்சுட்டுப் போயிட்டா.' அதுதான் கடைசிச் செய்தி.

ஒன்பது மணி. போன் இன்னும் அடித்து ஓய்ந்துகொண்டிருந்தது. அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தியின் எண் இருந்தது, அவளும் எடுக்கவில்லை. எனக்கு எப்போது நினைவு வந்தது என்று தெரியவில்லை. கரியடுப்பு, மூடிய அறை, வாசனையே இல்லாத விஷப்புகை. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஏழெட்டுப் புத்தகம் படித்தவனுக்கு எட்டாம் வகுப்புப் பாடம் மறந்துவிட்டது. அடைப்பதற்கு என் வேட்டியையே அனுப்பியிருந்தேன். போனை ஜெயா கையில் கொடுத்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் தெருக்கோடிப் பிள்ளையாரிடம் ஓடினேன்.

என் பிரார்த்தனைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சுவாமிக்கும் நான் சுற்றறிக்கைதான் விடுவேன். இன்ன காரியம் ஆக வேண்டும், இன்னாரைக் கொண்டு ஆக வேண்டும், இந்த வழி சரிப்படாவிட்டால் மாற்று வழி இது. பிள்ளையார் பொறுமைசாலி. அன்றைக்கு அவர் முன்னால் நின்றபோது எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. குட்டிக்கொள்ளத் தூக்கிய கை நெற்றியிலேயே நின்றுவிட்டது. "பாத்துக்கோ" என்றேன். அவ்வளவுதான் வந்தது. திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். குருக்கள் தீபாராதனைத் தட்டோடு வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, தட்டோடு உள்ளே திரும்பிவிட்டார்.

அப்போது தெருவில் ஜெயாவின் குரல் கேட்டது. கரண்டி இன்னும் ஒரு கையில். மறு கையில் போன்.

"நந்தினி நம்பர்லேர்ந்து வரது! யாரோ பொம்மனாட்டி! என்னமோ கத்தறா, ஒண்ணும் புரியலைன்னா!"

திரையில் ஒரு சிவந்த முகம், தலையில் பூப்போட்ட துணி. என்ன சொன்னார் என்று எனக்கும் புரியவில்லை. ஆனால் அவர் கையில் கரி படிந்த ஒரு துணியைப் பிடித்து என் முகத்துக்கு நேரே உதறினார். மாம்பழக் கரை. என் வேட்டி. அந்தத் திட்டைப் புரிந்துகொள்ள ரஷ்ய மொழி தேவைப்படவில்லை. பிறகு போனைத் திருப்பினார். முற்றத்துப் பனியில் ஒரு பெஞ்சு. அதில் கம்பளிக்குள் நந்தினி. வாந்தி எடுத்திருந்தாள். கண் சொருகியிருந்தது. ஆனால் வாயிலிருந்து ஆவி வந்தது, அன்பர்களே. மூச்சு விடுவது கண்ணுக்குத் தெரியும் ஊருக்கு என் பெண்ணை அனுப்பியதற்காக முதன்முதலாக சந்தோஷப்பட்டேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. எஜே பதிவுக் காகிதத்தை நீட்டினார். மருத்துவமனையில் ஒரு கேள்வியும் எழவில்லை. இரண்டு நாள் பிராணவாயு. மூன்றாம் நாள் மூக்கு, சிரிப்பு, முழு நந்தினி.

நான் சொல்ல வந்த விஷயம் இதற்குப் பிறகுதான் வருகிறது.

சித்திரையில் நாங்கள் அங்கே போனோம். பாப்ளார் மரங்கள் துளிர்த்திருந்தன. தெருமுனையில் வட்ட ரொட்டி சுடும் வாசம். அந்த வாசத்தை இந்த ஊர் பேக்கரிகளில் இன்றும் தேடுகிறேன், கிடைக்கவில்லை. எஜே எங்களை உட்காரவைத்து ரொட்டியைப் பிட்டு வைத்தார். நான் ஒரு துண்டைக் கவிழ்த்து வைத்ததும் பதறி நிமிர்த்தினார்; அங்கே ரொட்டியைக் கவிழ்ப்பது அபசாரமாம். கிண்ணத்தில் கால்வாசித் தேநீர் ஊற்றினார். நான் கை கூப்பி, அன்று காலை எப்படி அந்த அறைக்கு வரத் தோன்றியது என்று நந்தினி மூலம் கேட்டேன். கனவு கினவு வந்ததாகச் சொல்வாரோ என்று என் ஆசை. எஜே விழுந்து விழுந்து சிரித்துவிட்டு நடந்ததைச் சொன்னார். நந்தினி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்பா, இங்க கொஞ்சமா ஊத்தினா, 'இன்னும் இரு, சூடா மறுபடி தரேன்'னு அர்த்தமாம். ரொம்ப ஊத்தினா, 'குடிச்சுட்டுக் கிளம்பு'ன்னு அர்த்தமாம்."

"ஐயையோ. அதனால?"

"என் வீட்டுலேயே என்னைப் போகச் சொல்றாளா இந்தப் பொண்ணுன்னு ராத்திரி பூரா அழுதாளாம். காலம்பற முதல் வேலையா அறையைக் காலி பண்ணச் சொல்லத்தான் வந்தாளாம். கதவைத் தட்டினா நான் திறக்கலை. திமிருன்னு நெனச்சு, சண்டை போடறதுக்காகக் கதவை ஓங்கித் தள்ளினாளாம்."

ஜெயா என்னைப் பார்த்தாள். நான் கிண்ணத்தைப் பார்த்தேன். நான் கொடுத்த அறிவுரைகள் இரண்டு. இரண்டும் தப்பு. ஒன்று என் குழந்தையைக் கொல்லப் பார்த்தது. மற்றதைக் கொண்டு பிள்ளையார் அவளைக் காப்பாற்றிவிட்டார். நான் எத்தனை சுற்றறிக்கை எழுதியிருந்தாலும், கோபத்தோடு காலி செய்யச் சொல்ல வரும் ஒரு கிழவியை மாற்று வழியாகக் குறித்திருக்க மாட்டேன். அந்த மேஜையிலேயே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எஜே என் கிண்ணத்தில் மறுபடி கால்வாசி ஊற்றினார். சாயங்காலம் வரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

நந்தினி இப்போது இங்கேயே, கழக்கூட்டத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர். எஜேயிடமிருந்து மார்கழிதோறும் ஒரு வீடியோ வரும். குட்டி ஜன்னல், திறந்தபடி. வேறு செய்தி இருக்காது. நான் ஞாயிறு எட்டரைக்குப் பிள்ளையார் முன்னால் நின்று 'பாத்துக்கோ' என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். என் பேச்சு குறைந்துவிட்டது என்று ஜெயா சொல்கிறாள். முழுதும் நம்பாமல்தான் சொல்கிறாள்.

போன வாரம் நம் பஜனை கோஷ்டியில் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பெண்ணுக்கு அதே ஊரில் இடம் கிடைத்திருக்கிறது, அனுப்பலாமா, என்னென்ன சொல்லி அனுப்புவது என்று கேட்டார். முகமெல்லாம் பயம். அரை டம்ளர் காப்பி கொடுத்தேன். டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "குடியுங்கோ, இன்னும் வரும்" என்றேன். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். தைரியமாக அனுப்புங்கள். குட்டி ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். மீதியைப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார்.